எழுத்து போட்டாச்சா?

டிக்கெட்டில் 6.30 என்று போட்டிருக்கிறது. நீங்க எத்தனை மணிக்கு உள்ளே போவீங்க?

இதில் ரெண்டு கட்சி உண்டு. 6.45-க்கு ஒரு கையில் பாப்கார்ன், இன்னொரு கையில் செல்போன் வெளிச்சம், வழியெல்லாம் அடுத்தவங்க காலை மிதிச்சுக்கிட்டு 'ஸாரி... ஸாரி...' என்று நுழைகிற கட்சி ஒண்ணு. 'எழுத்து போடுறதுக்குள்ள போயிடணும்டா' என்று பைக்கை முறுக்குகிற கட்சி இன்னொண்ணு. நான் ரெண்டாவது கட்சி. சாதாரண உறுப்பினர் இல்லை பாஸ், வட்டச் செயலாளர் லெவல்!

என்னை இந்தக் கட்சியில் சேர்த்துவிட்டது எங்க அப்பத்தா. டூரிங் டாக்கீஸ் காலத்து மனுஷி. எழுதப் படிக்கத் தெரியாது. பஸ் போர்டைக்கூட யாரையாவது கேட்டுத்தான் ஏறும். ஆனால் சினிமாவுக்குப் போனால் மட்டும், 'எழுத்து போட்டுட்டானா?' என்பதுதான் முதல் கேள்வி. 'போட்டுட்டான்' என்று சொன்னால் முகம் சுருங்கிப் போயிடும். யோசிச்சுப் பாருங்க... படிக்கவே தெரியாத ஒருத்தருக்கு எழுத்து தவறிப்போனதில் என்ன நஷ்டம்?

காலேஜ் சேர்ந்து, ஊர் உலகத்து டைட்டிலையெல்லாம் தேடித் தேடிப் பார்க்க ஆரம்பிச்ச பிறகுதான் அந்தக் கேள்வி எவ்வளவு பெரிசு என்று புரிந்தது. எழுத்து போடுவது படிக்கிறதுக்காக மட்டும் இல்லை. உங்களை வெளியே இருந்து உள்ளே கூட்டிட்டுப் போறதுக்காக. பார்க்கிங்கில் நடந்த சண்டை, நாளைக்கு சப்மிட் பண்ண வேண்டிய ரெக்கார்டு நோட்டு, வீட்டில் இருந்து வந்த மிஸ்டு கால்... இதையெல்லாம் தலையில் சுமந்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிற ஆளிடம் நேரடியாகக் கதையை ஆரம்பிச்சா முதல் சீன் வேஸ்ட். கோயிலுக்குப் போனால் வாசலில் செருப்பை விடுறோம், காலை நனைக்கிறோம் இல்லையா? டைட்டில் அந்த வேலையைச் செய்யுது. எங்க அப்பத்தாவுக்கு அது வேணும். அந்த மியூசிக் வேணும். இருட்டில் கண் பழகுற அந்த ரெண்டு நிமிஷம் வேணும்.

ஆனால் ரொம்ப நாளைக்கு சினிமா எடுக்கிறவங்களுக்கே இதன் அருமை தெரியலை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் திரையை மூடியிருக்கிற துணி மேலேயே டைட்டிலை ஓட்டுவாங்களாம். 'பேர்தானே... யார் பார்க்கப் போறா?' என்று அலட்சியம். முதல் சீன் வரும்போதுதான் துணியை விலக்குவாங்க. 1955-ல் ஓட்டோ ப்ரெமிங்கர் இயக்கத்தில் 'தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்' என்று ஒரு படம். ஃப்ராங்க் சினாட்ரா ஹெராயினுக்கு அடிமையான ஆளாக நடித்தது. அந்தப் பட ரீல் டப்பாவோடு ஆபரேட்டர்களுக்கு ஒரு குறிப்பு போனது. டைட்டில் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே திரைத்துணியை விலக்கிடணும் என்று!

அந்த டைட்டிலைச் செய்தவர் ஸால் பாஸ். அடிப்படையில் போஸ்டர், விளம்பரம் எல்லாம் வடிவமைக்கிற கிராஃபிக் டிசைனர். என்ன பண்ணினார் தெரியுமா? கறுப்புப் பின்னணி. வெள்ளைக் கோடுகள் ஒவ்வொண்ணா வந்து விழும், விலகும், நடுவில் பேர்கள். பின்னாடி எல்மர் பெர்ன்ஸ்டீனின் ஜாஸ். கடைசியில் அந்தக் கோடுகள் சேர்ந்து முறுக்கிக்கொண்ட ஒரு கையாக மாறும். அவ்வளவுதான். ஒரு நடிகர் முகம் கிடையாது, ஒரு காட்சி கிடையாது. ஆனால் ஊசி ஏறுகிற அந்தக் கையைப் பார்த்ததுமே இந்தப் படம் எங்கே போகுது என்று வயிற்றுக்குள் தெரிந்துவிடும்.

அப்புறம் ஹிட்ச்காக் அவரைப் பிடிச்சுக்கிட்டார். 'வெர்டிகோ' (1958) டைட்டிலை மட்டுமாவது பாருங்க. ஒரு பெண்ணின் உதடு, கண், அந்தக் கண்ணுக்குள்ளே இருந்து சுழன்று சுழன்று வருகிற சுருள்கள். அதை வரைய ஜான் விட்னி என்கிற கலைஞர் பயன்படுத்தியது, இரண்டாம் உலகப் போரில் விமானத்தைக் குறி பார்த்துச் சுடுறதுக்காகச் செய்த ஒரு இயந்திரத்தை. விமானத்தைச் சுடுற மெஷினை வைத்து மனுஷனுக்குத் தலைசுற்றலை வரவழைச்சிருக்காங்க! கம்ப்யூட்டர் லேப்பில் இப்ப நீங்க அஞ்சு நிமிஷத்தில் அதே சுருளைப் போட்டுடலாம். ஆனால் எங்கே போடணும் என்கிற புத்தி மெஷினில் வராது.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச கேஸுக்கு வர்றேன். 'செவன்'. 1995. டேவிட் ஃபின்ச்சர் படம். ஹாஸ்டலில் ராத்திரி ரெண்டு மணிக்கு லேப்டாப்பைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்து பார்த்த படம். இதுவரை பார்க்காதவங்க அடுத்த மூணு பாராவைத் தாண்டிப் போயிடுங்க. முப்பது வருஷப் படத்துக்கு இதுக்கு மேலே காவல் காக்க முடியாது!

முதலில் ஒரு சின்ன சீன். ரெண்டு போலீஸ் அறிமுகம். வயசானவர் ராத்திரி படுக்கையில் படுத்துக்கொண்டு, மெட்ரோனோமின் டக்... டக்... சத்தத்தில் தூங்கப் பார்க்கிறார். அப்புறம் எழுத்து. யாரோ ஒருத்தரின் கை. ப்ளேடால் விரல் நுனித் தோலைச் சீவுது. ஊசி நூல் கோத்து நோட்டுப் புத்தகம் தைக்குது. அச்சடித்த வரிகளை கறுப்பு மையால் அழிக்குது. டாலர் நோட்டில் இருந்து 'கடவுள்' என்கிற வார்த்தையை மட்டும் கத்தரிச்சு எடுக்குது. பேர்கள் எல்லாம் நடுங்குற கையெழுத்தில், கீறி எழுதின மாதிரி வந்து துடிக்குது. நிஜமாகவே ஃபிலிமில் கீறினதுதான். செய்தவர் கைல் கூப்பர். பின்னணியில் நைன் இன்ச் நெய்ல்ஸ் பாட்டு ஒண்ணைப் பிய்த்துப் போட்ட இரைச்சல். மொத்தம் ரெண்டு நிமிஷம் சொச்சம்.

முதல் தடவை பார்க்கும்போது, 'சும்மா ஸ்டைலுக்குப் போட்டிருக்கான்டா' என்றுதான் தோணும். படம் ஓடும். கொலைகாரன் யார், எங்கே இருக்கான் என்று தேடித் தேடி, படத்தில் முக்கால்வாசி தாண்டின பிறகுதான் அவன் முகத்தையே ஒழுங்காகக் காட்டுவாங்க. அவன் விரலில் கட்டு. ரேகை விழக் கூடாதுன்னு தோலைச் சீவியிருக்கான். அவன் வீடு முழுக்க நோட்டுப் புத்தகங்கள். அப்போதான் சுரீர்னு உறைக்கும். அட, இவன் கையை நாம முதல் பத்து நிமிஷத்துக்குள்ளேயே பார்த்துட்டோமே! வில்லனுக்கு என்ட்ரி கொடுத்தது அந்த டைட்டில்தான். போலீஸுக்குத் தெரியறதுக்கு ரொம்ப முன்னாடியே நமக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் தெரியாம உட்கார்ந்திருந்தோம்.

இதைவிட அழகு என்ன தெரியுமா? அந்த டைட்டிலில் ஒரு பேர் இல்லை. கொலைகாரனாக நடித்த கெவின் ஸ்பேசியின் பேர். பேரைப் போட்டால் ரசிகன் 'இந்த ஆளை எங்கே காணோம்?' என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சிடுவான். அதனால் வேணாம் என்று அவரே சொல்லிவிட்டார். பேர் போடுறதுக்குன்னே கண்டுபிடிச்ச ஒரு இடத்தில், பேரைப் போடாம விட்டதும் கதை சொல்ற வேலையைச் செஞ்சிருக்கு. போஸ்டரில் எழுத்து சைஸ் கம்மி என்று சண்டை நடக்கிற உலகத்தில் இது பெரிய விஷயம் பாஸ்.

எல்லா டைட்டிலும் இப்படி மிரட்டணும் என்று இல்லை. 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1962) படத்தில் ஒரு சின்னப் பெண் தன்னோட பழைய டப்பாவைத் திறந்து உள்ளே இருக்கிற கோலிக்குண்டு, காசு, கடிகாரம் எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே தனக்குத்தானே முணுமுணுக்கும். க்ரேயானால் தேய்க்கத் தேய்க்கப் பட எழுத்து மேலே வரும். 'கேட்ச் மீ இஃப் யூ கேன்' (2002) டைட்டிலில் காகிதத்தில் வெட்டின மாதிரி குட்டிக் குட்டி உருவங்கள் ஒருத்தனைத் துரத்திக்கிட்டே இருக்கும். அவன் வேஷம் மாத்திக்கிட்டே ஓடுவான். முழுப் படத்தையும் ரெண்டரை நிமிஷத்தில் சொல்லிட்டாங்க. ஆனா ஒண்ணையும் போட்டுக் கொடுக்கலை. ட்ரெய்லர் கட் பண்றவங்க இதைக் கொஞ்சம் உட்கார்ந்து படிக்கலாம்.

'ஏன்டா, நம்ம ஊர்ல ஒண்ணுமே இல்லையா?' என்று நீங்க கேட்பது காதில் விழுது. இல்லாமலா!

நம்ம ஊரில் எழுத்து அதுக்கும் முன்னாடி, சென்சார் சர்டிஃபிகேட்டிலேயே ஆரம்பிச்சிடும். அதில் எத்தனை ரீல் என்று போட்டிருக்கும். பெஞ்ச் டிக்கெட்டில் ஒருத்தர் சத்தமாக 'பதினாறு ரீல்டோய்!' என்று அறிவிப்பார். படம் பெரிசு, காசுக்கு மோசமில்லை என்று ஒரு நிம்மதி பரவும். அப்புறம் கம்பெனி சாமி, மணிச் சத்தம், நன்றி கார்டு. கடைத்தெருவில் இருக்கிற லாட்ஜ், ஷூட்டிங்குக்கு வீடு கொடுத்த மிராசுதார் என்று போய்க்கிட்டே இருக்கும். நடுவில் ஊர் பேர் வந்தால் விசில். பாரதிராஜா படமென்றால் அவரே குரலில் வந்து உங்களைக் கூப்பிடுவார். 'கரகாட்டக்காரன்' (1989) மாதிரி எத்தனையோ படங்களில் எழுத்து ஓடும்போதே இளையராஜா தன் குரலில் பாட ஆரம்பிச்சிடுவார். அந்தக் குரல் வந்துட்டா 'படம் ஓடிடும்' என்று ராசி பேசினவங்க எங்க தெருவிலேயே பத்துப் பேர் உண்டு. ராசியோ இல்லையோ, வயல், வரப்பு, திருவிழா என்று கதை நடக்கிற ஊருக்கு நம்மைக் கொண்டு போய் இறக்கிவிட்டுவிடும் அந்தப் பாட்டு. அப்பத்தா கேட்டது இதைத்தான்.

அப்புறம்... 'அண்ணாமலை'! 1992, சுரேஷ் கிருஷ்ணா இயக்கம். இருட்டில் புள்ளி புள்ளியாக வெளிச்சம். ஒவ்வொரு எழுத்தாகச் சேர்ந்து 'சூப்பர் ஸ்டார்', அப்புறம் 'ரஜினி'. கூடவே தேவாவின் அந்த அதிரடி மியூசிக். ஜேம்ஸ் பாண்ட் படங்களில் துப்பாக்கிக் குழல் வழியாக பாண்ட் நடந்து வருகிற ஆரம்பம் இருக்கே, அதைப் பார்த்துப் பழகின கண்ணுக்கு ரெண்டுக்கும் சொந்தம் தெரியும். அது 1962-ல் 'டாக்டர் நோ'வுக்காக மாரிஸ் பைண்டர் செய்தது. நிஜத் துப்பாக்கிக் குழலுக்குள்ளே ஊசித்துளை கேமராவை வைத்து எடுத்தார். அவங்களுக்கு அந்த வட்டம், நமக்கு இந்தப் புள்ளிகள். ஆனா ஒரு வித்தியாசம். பாண்டாக யார் நடித்தாலும் அந்த வட்டம் அதேதான். நம்ம புள்ளிகள் ஒரே ஒருத்தருக்குச் சொந்தம். ஃபர்ஸ்ட் டே ஃபர்ஸ்ட் ஷோவில் அந்த எழுத்து ஒவ்வொண்ணுக்கும் தியேட்டரே கத்தும் பாருங்க, அதுவே தனியாக டிக்கெட் போட்டுப் பார்க்க வேண்டிய ஷோ! 'விக்ரம் வேதா' (2017) வேற வழி பிடிச்சது. வேதாளக் கதையை கார்ட்டூனாகவே ஆரம்பத்தில் சொல்லி, மரத்தில் தொங்குறது யார், தோளில் சுமக்கிறது யார் என்கிற கேள்வியை முன்கூட்டியே தலையில் ஏற்றிவிட்டது.

அதே சமயம், கட்சிக்காரன் என்பதற்காக எல்லா டைட்டிலுக்கும் கொடி பிடிக்க மாட்டேன். ஹெலிகாப்டர் ஷாட்டில் ரோடு, ரோடில் கார், கார் மேலே பேர், அஞ்சு நிமிஷம்... இதெல்லாம் டைட்டில் இல்லை, தண்டனை. ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' (1941) படத்தில் ஆரம்பத்தில் பட பேரைத் தவிர ஒண்ணுமே பெரிசா கிடையாது. நேரா கதை. அந்தப் படத்துக்கு அதுதான் சரி. 1966-ல் த்ரூஃபோ எடுத்த 'ஃபாரன்ஹீட் 451'-ல் எழுத்தே போடலை. கதை நடக்கிற நாட்டில் படிக்கிறது குற்றம், புத்தகத்தை எரிச்சிடுவாங்க. அதனால் வீட்டுக் கூரைகளில் இருக்கிற டி.வி. ஆன்டெனாக்களைக் காட்டிக்கிட்டே, யார் யார் என்று ஒரு குரல் சொல்லும். எங்க அப்பத்தா அந்த நாட்டில் சந்தோஷமா இருந்திருக்கும்!

இதுவரை வாசல் கதை. ஆனால் எழுத்து என்பது கடைசியில் பேர். அதை மறந்துட முடியாது. பேர் எங்கே வருது என்பது எவ்வளவு பெரிய சண்டை என்று ஜார்ஜ் லூகாஸைக் கேட்டால் சொல்வார். 'ஸ்டார் வார்ஸ்' (1977) ஆரம்பத்தில் மஞ்சள் எழுத்தில் கதைச் சுருக்கம் வானத்துக்குள்ளே ஏறிப் போகும் இல்லையா, அந்த மயக்கம் கலையக் கூடாது என்று மற்ற பேர்களையெல்லாம் கடைசிக்குத் தள்ளினார். 1980-ல் 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' வந்தப்போ இயக்குநர் வேற ஆள், இர்வின் கெர்ஷ்னர். 'இயக்குநர் பேரை முன்னாடி போடாம எப்படி?' என்று அமெரிக்க இயக்குநர்கள் சங்கம் அபராதம் போட்டது. லூகாஸ் அபராதத்தைக் கட்டிட்டு, சங்கத்தை விட்டே வெளியே போயிட்டார். ரசிகனாக நான் லூகாஸ் பக்கம். ஆனால்...

அந்த 'ஆனால்' எங்க வீட்டிலேயே இருக்கு. எங்க பெரியப்பா மகன், அண்ணன், சினிமாவில் உதவி இயக்குநர். இன்ஜினீயரிங் முடிச்சிட்டு சென்னைக்குப் போனவன். நாலு வருஷம் வீட்டில் அவனைப் பத்திப் பேசினாலே பெரியப்பா எழுந்து வெளியே போயிடுவார். 2011-ல் அவன் வேலை பார்த்த முதல் படம் எங்க ஊருக்கு வந்தது. குடும்பத்தோடு பதினொரு பேர் வேன் பிடிச்சுப் போனோம். 'உதவி இயக்கம்' என்று ஏழு பேர். அவன் அஞ்சாவது. மூணு செகண்டு இருக்கும். சித்தப்பா செல்போனைத் தூக்குறதுக்குள்ளே போயிடுச்சு. கிடைச்சது கலங்கின ஒரு ஃபோட்டோ, அதில் பாதிப் பேர்தான் தெரியும். பெரியப்பா அன்னைக்கு முழுக்க ஒண்ணும் பேசலை. ஒரு வாரம் கழிச்சு அந்தக் கலங்கின ஃபோட்டோவை ஃப்ரேம் போட்டு, அண்ணன் டிகிரி சர்டிஃபிகேட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டிட்டார்.

2019-ல் இன்னொரு படம். பெரிய படம். கதை நேராக ஆரம்பிச்சது. பேர் எல்லாம் கடைசியில். கிளைமாக்ஸ் முடிஞ்ச நொடியில் தியேட்டரில் லைட் போட்டாச்சு, கதவு திறந்தாச்சு, கூட்டம் எழுந்து ஸ்க்ரீனை மறைச்சிடுச்சு, பின்னாடி துடைப்பத்தோடு ரெண்டு பேர் காத்திருக்காங்க. பெரியம்மா மட்டும் சீட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, மேலே ஓடுற பொடி எழுத்தில் மகனைத் தேடுது. கண்ணாடி போட்டும் தெரியலை. 'வந்துச்சாடா?' என்று என்னைக் கேட்டது. 'வந்துச்சு பெரியம்மா' என்றேன்.

தியேட்டராவது பரவாயில்லை. வீட்டில் என்ன நடக்குது? 2017-ல் நெட்ஃப்ளிக்ஸ் ஒரு பட்டனைக் கொண்டு வந்தது. ஆரம்பத்தைத் தாண்டிப் போகிற பட்டன். அதை ஒரு நாளைக்கு 13 கோடியே 60 லட்சம் தடவை ஜனங்க அமுக்குறாங்க, அதனால் மொத்தமா 195 வருஷம் மிச்சமாகுது என்று 2022-ல் அந்த கம்பெனியே பெருமையாகச் சொன்னது. ஒரே நாளில் 195 வருஷம்! அந்த வருஷங்களை எல்லாம் வெச்சு நாம என்ன சாதிச்சோம் என்று மட்டும் கேட்டுடாதீங்க.

சரி, நியாயம் பேசுவோம். ஒரே ராத்திரியில் எட்டு எபிசோடு பார்க்கிறவன் எட்டு தடவையும் அதே எழுத்தைப் பார்க்கணுமா? வேணாம். நானே ஏழு தடவை அமுக்குவேன். ஆனால் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' செய்தவங்க இதுக்கும் ஒரு வழி வெச்சிருந்தாங்க. அந்த மேப் இருக்கே, சக்கரம் சுழன்று கோட்டைகள் எழுந்து நிற்குமே, அது ஒவ்வொரு வாரமும் ஒரே மாதிரி இருக்காது. அன்றைக்குக் கதை எந்த ஊருக்கெல்லாம் போகுதோ அதற்கேற்ப மாறும். 2011-ல் டைட்டில் வடிவமைப்புக்கான எம்மி விருது அதுக்குத்தான். அமுக்கினவனுக்கு நஷ்டம், பார்த்தவனுக்குத் துப்பு. இதுதான் சரியான பதிலடி!

அண்ணன் இப்போ சொந்தமாக ஒரு படம் பண்றதுக்காகக் கதையோடு அலைஞ்சுக்கிட்டு இருக்கான். போன மாசம் ஊருக்கு வந்தப்போ மொட்டை மாடியில் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கதை சொன்னான். அவன் திட்டப்படி முதல் ஷாட்டே ஆக்‌ஷன். இடைவெளியே கிடையாது. பேர் எல்லாம் கடைசியில்.

'முன்னாடி ரெண்டு நிமிஷம் எழுத்து போடு. அதுக்குள்ளேயே கதையைச் சொல்லு, செவன் மாதிரி' என்றேன்.

'செல்போனை நோண்டுற கூட்டம்டா. ரெண்டு நிமிஷம் கொடுத்தா எழுந்து முறுக்கு வாங்கப் போயிடுவான்.'

'உன்கிட்ட வேலை பார்க்கப் போற ஏழு பேரோட வீட்டிலயும் ஒரு பெரியம்மா இருப்பாங்களே?'

அதுக்கு அவன் உடனே ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சு, 'ரெண்டு நிமிஷம் எல்லாம் ஜாஸ்தி. ஒண்ணரை' என்றான். பேரம் இன்னும் முடியலை.